உள்பக்கம் அடித்த ஆணி

“கோழிக்கூண்டு கட்டற வேலைய அவனுக்கு எதுக்கும்மா குடுத்தீங்க?”

பொன்னுரங்கம் இதைக் கேட்டது காலையில், கஞ்சி குடிக்கிற நேரத்தில். கேட்கவே கூடாது என்று இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். விடிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

மடத்தை நடத்தும் அம்மா கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“அவனுக்குக் கட்டத் தெரியாது” என்றாள்.

“எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்.”

“அப்புறம்?”

“அதனாலதான்.”

பொன்னுரங்கம் விழித்தார். அம்மா கரண்டியைத் தட்டிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

“அப்ப எனக்கு என்னம்மா வேலை?”

“நீங்க அவன் பக்கத்துல இருங்க.”

அதற்குமேல் அவள் பேசவில்லை. அம்மா எப்போதும் அப்படித்தான். பேச்சைக் கஞ்சி மாதிரி அளந்து ஊற்றுவாள். இரண்டாம் தடவை கேட்டால் தட்டை எடுத்து வைத்துவிடுவாள்.

பொன்னுரங்கத்துக்கு வயிறு எரிந்தது. கஞ்சியின் சூடு அல்ல.

அந்த மடம் கருக்கம்பாறை மலையடியில் இருந்தது. பக்கத்தில் முனியப்பன் கோவில். வேண்டுதல் பலித்தவர்கள் முனியப்பனுக்கு உயிர்க்கோழி விடுவார்கள். காலைக் கட்டிக் கொண்டுவந்து, சன்னிதியில் கட்டை அவிழ்த்து விட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

விட்ட கோழியை யாரும் அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, வீட்டுக் கூரைக்குக் கீழே கொண்டுபோகவும் கூடாது. முட்டையை மட்டும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கலாம். கோழிகள் மடத்துப் புளியமரத்தில் அடைந்தன. முனியப்பன் கோழியை முனியப்பனே பார்த்துக்கொள்வான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மரநாய்க்கு அந்த விஷயம் தெரியாது. அது வந்து தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அம்மாதான் சொன்னாள். “கூண்டு கட்டுங்க.”

“கூரைக்குக் கீழ வெக்கக் கூடாதேம்மா” என்றாள் சமையல் செய்யும் மரகதம்.

“கூண்டு கோழியோட வீடு. நம்ம வீடு இல்ல.”

அதைச் சொல்லிவிட்டு, எல்லோர் தலைக்கும் மேலே பார்த்து, மாதேஸ்வரனைக் கூப்பிட்டாள்.

அதைத்தான் பொன்னுரங்கத்தால் தாங்க முடியவில்லை.

பொன்னுரங்கம் தச்சு ஆசாரி. சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக் கதவு அவர் இழைத்தது. மனைவி போன பிறகு உளியை மூட்டை கட்டி வைத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். அம்மா வயதில் அவரைவிட இளையவள், ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கியவள். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அம்மாவின் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

மாதேஸ்வரன் ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருந்தவன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறான். கடை நொடித்துப்போய், போன தை மாதம்தான் மடத்துக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? சிரித்தான். அவன் சிரித்தால் அம்மாவும் சிரித்தாள்.

பொன்னுரங்கத்தைப் பார்த்தால் அம்மா, “வாங்க, உக்காருங்க” என்பாள்.

அவனைப் பார்த்தால், “டேய், தின்னியா?” என்பாள்.

அந்த ‘டேய்’ பொன்னுரங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. இந்த வயதில் ஒரு ‘டேய்’க்கு ஏங்குவது அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே ஏங்கினார்.

அம்மா சொன்னதை அவர் மீறவில்லை. புளியமரத்தடியில் துண்டை விரித்துக் காலை நீட்டி, மாதேஸ்வரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயை மட்டும் திறக்கவில்லை.

மாதேஸ்வரன் சட்டத்தை அறுத்தான். கோணலாக அறுத்தான்.

பொன்னுரங்கத்துக்கு இதமாக இருந்தது.

அவன் அதைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, “கோணையாப் போச்சுங்ணா” என்று சிரித்துவிட்டு, இன்னொன்றை அறுத்தான். அது நேராக வந்தது.

பொன்னுரங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தரையில் அப்படியே நிறுத்தப் போகிறான், மரநாய் அடியில் தோண்டிக்கொண்டு வரட்டும் என்று அவர் காத்திருந்தார். மாதேஸ்வரன் ஆடு மேய்க்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்தான். கூண்டைச் சுற்றிப் பள்ளம் பறித்து, கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கி, நுனியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தான். எது தோண்டினாலும் கம்பியில்தான் நகம் படும்.

சரியான வேலை. பொன்னுரங்கத்துக்கு நெஞ்சுக்குள் புகைந்தது.

கதவுக்கு வெறும் மரக்கட்டையைத் திருகி வைத்தான். மரநாய் கையாலேயே திருப்பிவிடும். இதில் மாட்டிக்கொண்டான் என்று பொன்னுரங்கம் உள்ளுக்குள் தாளம் போட்டார். மறுநாள் வந்து பார்த்தால் அதில் ஒரு கொக்கி, கொக்கிக்குள் ஓர் ஆணி.

“யாரு சொல்லிக் குடுத்தா?” அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“யாரும் இல்லீங்ணா. ராத்திரி படுத்துட்டு நெனச்சுப் பாத்தேன். நானே மரநாயா இருந்தா எப்படித் தொறப்பேன்னு.”

மரகதம் கைகொட்டிச் சிரித்தாள். சமையல்கட்டில் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அம்மா சிரிப்பது வெளியே கேட்டது.

அன்றைக்குப் பொன்னுரங்கம் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அது உண்மைதான்.

அதன் பிறகு அவர் அந்தக் கூண்டைப் பார்த்த மாதிரி தன் வாழ்நாளில் எந்தக் கதவையும் பார்த்ததில்லை. மேலே காற்றுப் போக வழி விட்டிருந்தான். கோழி உட்காரத் தட்டையாகக் கம்பு வைத்திருந்தான். முட்டையிட இருட்டாக ஒரு மூலை. தகரத்துக்கு மேலே வெயில் தாங்க ஓலை. குற்றம் சொல்ல ஒரு விரல்கடை இடம் விடவில்லை பாவி.

காட்டுப் பக்கத்துச் சுவருக்கு வலை அடித்தபோதுதான் அவர் கண்ணில் அது பட்டது.

மாதேஸ்வரன் வலையைச் சட்டத்தின் உள்பக்கமாக வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

போர்டு அடித்துப் பழகிய கை. வெளியே ஆணித் தலை தெரிந்தால் அவனுக்குப் பொறுக்காது. எல்லாவற்றையும் உள்ளே ஒளித்துவிட்டு, பார்க்கிற பக்கத்தை வழவழவென்று வைத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வெளிப்பக்கமாக அடித்திருந்தால், வெளியிலிருந்து எது தள்ளினாலும் வலை சட்டத்தோடு இறுகும். உள்பக்கமாக அடித்தால், தள்ளத் தள்ள ஆணி கழன்று உள்ளே விழும். ஆசாரிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பொன்னுரங்கத்தின் முதுகு நிமிர்ந்தது.

அன்றைக்குக் கஞ்சி ருசித்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

“உடம்பு தேவலையா?” என்றாள் அம்மா.

“நல்லாயிருக்கம்மா.”

கூண்டு முடிந்தது. மாதேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். அம்மாவிடம் காட்டுவதற்கு முன்னால் அவரிடம்தான் வந்தான்.

“அண்ணா, நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. சரியா இருக்குங்களா?”

பொன்னுரங்கம் எழுந்து சுற்றி வந்தார். காட்டுப் பக்கத்து மூலையில் நின்றார். வலைமேல் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினார். ஆணி முனகியது. அவருக்கு மட்டும் கேட்டது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார்.

மாதேஸ்வரனுக்கு முகமெல்லாம் பல்.

“நீங்க சொன்னாப் போதுங்ணா. இனி எனக்கு பயமில்ல.”

அம்மா வந்து பார்த்தாள். சட்டத்தைத் தடவினாள். “அழகாக் கட்டியிருக்கடா” என்றாள். பிறகு பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

“பக்கத்துலயேதாம்மா இருந்தேன்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கோழி அடைகிற நேரத்துக்கு எல்லோரும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டார்கள். அவை கத்தி ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, கம்பைக் கண்டதும் ஏறி உட்கார்ந்துகொண்டன.

சிட்டு மட்டும் வெளியே இருந்தது.

சிட்டு ஒரு கால் தாங்கி நடக்கும் புள்ளிக்கோழி. கொண்டுவந்தவர்கள் கயிற்றை இறுக்கிக் கட்டிக் கால் வீங்கிவிட்டது. மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டு அதைத் தேற்றியவர் பொன்னுரங்கம். அதிலிருந்து அது அவர் காலைச் சுற்றியே வரும். அவர் உட்கார்ந்தால் அதுவும் உட்காரும். அந்த மடத்தில் அவரை மட்டுமே தேடி வந்த ஒரே ஜீவன் அதுதான்.

மாதேஸ்வரன் அதைப் பதமாகத் தூக்கினான்.

“சிட்டுக்கு மேல ஏற முடியாதில்லீங்ணா. அதான் அதுக்குன்னே கீழ ஒரு கம்பு வெச்சேன். பாருங்க.”

காட்டுப் பக்கத்து மூலை. வலையை ஒட்டி, தாழ்வாக, ஒரு சின்னக் கம்பு. அதன் முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கியிருந்தான்.

பொன்னுரங்கம் குனிந்து அந்த முனையைப் பார்த்தார்.

இப்போது சொல்லலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அவன் அண்ணா அண்ணா என்று கேட்டுக்கொள்வான். நாளைக்கே பிடுங்கி மாற்றி அடிப்பான். அம்மா அதற்கும் அவனைத்தான் மெச்சுவாள். எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி வேறு வரும்.

சிட்டு அந்தக் கம்பில் ஏறிச் சௌகரியமாக உட்கார்ந்தது. அவரைப் பார்த்து ஒரு கண்ணை மூடியது.

விளக்கு வைத்து எல்லோரும் பாட உட்கார்ந்தபோது பொன்னுரங்கம் கூண்டுக்குப் போனார். கொக்கியிலிருந்து ஆணியை உருவினார். சிட்டைத் துண்டுக்குள் சுற்றி எடுத்துக்கொண்டார். கதவை முன்போலவே பூட்டினார். தன் குடிசைக்குள் போய், கூடையைக் கவிழ்த்து அதை மூடி வைத்தார்.

ஒண்ணும் வராது என்று ஒரு மனம் சொன்னது. வந்தால்தான் தெரியும் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டும் அவருடைய மனம்தான்.

போய்ப் பாட்டில் கலந்துகொண்டார். அன்றைக்கு அவர் குரல்தான் உரக்கக் கேட்டது.

விடிந்தும் விடியாததுமாக மரகதத்தின் அலறல்தான் எல்லோரையும் எழுப்பியது.

காட்டுப் பக்கத்து வலை ஒரு மூலையில் உள்ளே மடங்கிக் கிடந்தது. கூண்டு முழுக்க இறகு. மரநாய்க்குப் பசி ஒரு கோழிக்குத்தான் இருந்திருக்கும். மற்றவற்றைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பூட்டிய கூண்டு, ஓட இடமில்லை. புளியமரத்தில் இருந்தாலாவது நாலு பறந்திருக்கும்.

பொன்னுரங்கம் நினைத்திருந்தது ஒரு கோழி. அதிகம் போனால் இரண்டு. மாதேஸ்வரனின் முகம் சுருங்குவதைப் பார்க்கிற அளவுக்கு மட்டும்.

மாதேஸ்வரன் கூண்டுக்குள் மண்டியிட்டு இறகுகளை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தான். அவன் கை முழுக்க ரத்தம்.

“என்னடா தேடற?” என்றாள் அம்மா.

“சிட்டும்மா. அண்ணனோட சிட்டு. அதக் காணோம். அதத்தான் தூக்கிட்டுப் போயிருக்கு.”

அவன் வெளியே வந்து பொன்னுரங்கத்தின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“உங்க சிட்டக் கொன்னுட்டேங்ணா. என்ன நம்பி நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. உங்களயும் ஏமாத்திட்டேன்.”

பொன்னுரங்கம் நின்றார். காலை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அம்மா தரையிலிருந்து வளைந்த ஆணி ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“நானும் கைய வெச்சு ஒரு தடவ தள்ளிப் பாத்திருக்கணும்” என்றாள். பிறகு உட்கார்ந்து, செத்த கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, சிறகை ஒழுங்கு செய்து, வரிசையாகக் கிடத்தினாள். அவள் அழுவதைப் பொன்னுரங்கம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்போது குடிசைக்குள் கோழி கொக்கரித்தது.

முட்டையிட்ட கோழி. ஊருக்கே சொல்லியாக வேண்டும் என்று அடித்தொண்டையிலிருந்து கொக்கரித்தது. நிறுத்தவே இல்லை.

மரகதம் வாயில் கையை வைத்தாள். “முனியப்பன் கோழி வீட்டுக்குள்ளயா?”

எல்லோரும் குடிசையைப் பார்த்தார்கள். மாதேஸ்வரன் ஓடினான்.

திரும்பி வந்தபோது அவன் ஒரு கக்கத்தில் சிட்டு இருந்தது. மறுகையில் முட்டை. கன்னத்தில் கண்ணீர் காயாமலே சிரித்தான்.

“அண்ணா, சிட்டு இருக்குங்ணா. உசுரோட இருக்கு. முட்ட கூட வெச்சிருக்கு.”

சிட்டை அவர் கையில் கொடுத்தான். முட்டையையும் கொடுத்தான். அது சூடாக இருந்தது.

“முனியப்பன்தாங்ணா” என்றான். “அவன்தான் எடுத்துட்டுப் போயி உங்க குடிசைக்குள்ள வெச்சிருக்கான். உங்க மனசு அவனுக்குத் தெரியும்.”

மரகதம் கோவில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “முனியப்பா.”

தப்பிக்க ஒரு கதவு திறந்துவிட்டது. பொன்னுரங்கம் தலையை ஆட்டினால் போதும். சாயங்காலத்துக்குள் சுற்று ஊரெல்லாம் வந்து சிட்டைக் கும்பிடும். அவரையும் கும்பிட்டாலும் கும்பிடும்.

அவர் மாதேஸ்வரனின் முகத்தைப் பார்த்தார். இவன் காவலில் விட்ட கோழிகளெல்லாம் செத்துக் கிடக்கின்றன. அடுத்தவன் கோழி ஒன்று மட்டும் பிழைத்திருக்கிறது. அந்த முகத்தில் எங்காவது ஒரு மூலையில், ஒரு கடுகளவு, தனக்குத் தெரிந்த அந்த எரிச்சல் இருக்கிறதா என்று தேடினார். கூண்டில் குற்றம் தேடிய அதே கண்ணால் தேடினார்.

இல்லை.

சிட்டு அவர் கைக்குள் அடங்கிக் கிடந்தது.

“வலைய உள்பக்கமா அடிச்சிருக்க, தம்பி” என்றார்.

“என்னங்ணா?”

“வெளிப்பக்கமா அடிக்கணும். உள்பக்கமா அடிச்சா தள்ளினா வந்துரும்.”

மாதேஸ்வரன் திரும்பிக் கூண்டைப் பார்த்தான். மடங்கிய வலையைப் பார்த்தான்.

“ஆமாங்ணா” என்றான் மெதுவாக. “எப்பப் பாத்தீங்க?”

“நீ அடிக்கறப்பவே.”

மாதேஸ்வரன் அவரைப் பார்த்தான். பிறகு அவர் கையிலிருந்த சிட்டைப் பார்த்தான். சிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் சிரிப்பு முகத்திலிருந்து முழுவதும் இறங்க வெகுநேரம் ஆனது.

“அப்ப சிட்ட மட்டும்...” என்றான்.

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போனான். மிச்சமிருந்த ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மரகதம் முந்தானையை உதறிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

பொன்னுரங்கம் சிட்டைக் கீழே விட்டார். அது நொண்டிக்கொண்டே அவர் காலைச் சுற்றியது. கையில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

“அம்மா” என்றார். “அம்மா, நான் இனி என்ன செய்யட்டும்?”

அம்மா கடைசிக் கோழியைக் கிடத்திவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டியபடி கூண்டுக்குள் இருந்த மாதேஸ்வரனைப் பார்த்தாள்.

“அன்னிக்கே சொல்லிட்டேனே” என்றாள்.